யன்னல் சாத்தின வீடு

எங்கட ஒழுங்கையில பகலில யன்னல் சாத்தின வீடு எண்டா உள்ளுக்க ஆக்கள் இல்ல எண்டுதான் கருத்து. சண்டை நடந்த பிரச்சினை காலத்தில அப்பிடிப் பாத்துப் பழகின கண் இது. விடிய எழும்பிப் பாப்பம், முன் வீட்டு யன்னல் சாத்திக் கிடக்கும். போயிட்டாங்க எண்டு விளங்கிரும். எங்க போனாங்க எண்டு கேக்கவும் ஆள் இருக்காது. அதெல்லாம் முடிஞ்சு எவ்வளவு காலம் போயும் எனக்கு அந்தக் கண் மாறல்ல. விடிஞ்சதும் முதல் வேலை வீட்டு யன்னல் எல்லாத்தையும் படபடவெண்டு திறந்து விடுறதுதான். தேத்தண்ணி வைக்கிறதும் அதுக்குப் பிறகுதான். இந்தப் பழக்கத்தாலதான் போன மாரியில என்ர மகளை வீட்ட விட்டு அனுப்பப் பாத்தன்.

மட்டக்களப்பில பொம்பிளப் பிள்ளைக்குக் கல்யாணம் எண்டா வீடும் சேர்த்துத்தான். மாப்பிள்ளை பெட்டியத் தூக்கிக் கொண்டு பொம்பிள வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன் பின்பக்கம் ஒரு அறையக் கட்டிக் கொண்டு ஒதுங்கிருவாங்க. என்ர அம்மா எனக்கு அப்பிடித் தந்தா, நான் என்ர மகளுக்குக் குடுத்தன். எங்களுக்கு இருக்கிறது அவ ஒருத்திதான். வைகாசியில கல்யாணம் நடந்தது. மருமகன் வவுனியாப் பக்கத்து ஆள், இஞ்ச ரவுணில கணக்குப் படிப்பிக்கிறார். அவங்கட குடும்பத்தில ஒரு ஆம்பிளயும் பொம்பிள வீட்டில போய் இருந்ததில்லையாம். சொந்தக்காரர் நக்கலடிச்சதாகவும் கேள்வி. மனிசன் அதை ஒண்டும் பெரிசா எடுக்காம வந்து இருந்தார். அதுக்கே எனக்கு அவரில ஒரு மரியாதை.

வைகாசியில எங்கட வீடு நல்ல பிள்ளை. கச்சான் காத்து அடிச்சுக் கொண்டிருக்கும். கொடியில போட்ட உடுப்பு போட்ட கையோட காஞ்சிரும். மருமகன்ர தாய் அறை அறையா வந்து பாத்து, நல்ல காத்தோட்டமான வீடு எண்டு சொல்லிட்டுப் போனா. எனக்கு அண்டைக்குத் தலை கால் தெரியல்ல. மாரியில இந்த வீடு என்ன செய்யுமெண்டு அவ கேக்கல்ல, நானும் சொல்லல்ல. கல்யாண வீட்டில ஆர் போய் மழையைப் பத்திக் கதைக்கிறது?

ஐப்பசி முடிய மழை பிடிச்சுது பாருங்க, விட்டால்தானே! வாவி எங்கட பின் மதிலோட கிடக்கு. தண்ணி மதிலைத் தொட்டுக் கொண்டு நிண்டுது. உப்புப் போத்தலைக் கவிழ்த்தா ஒரு கல்லும் விழாது. மருமகன்ர சப்பாத்துக்குள்ள பச்சையா ஏதோ முளைச்சுது. அலுமாரியை இழுத்துப் பாத்தா பின்சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளியாப் பூஞ்சணம். கல்யாணத்துக்கு அடிச்ச பெயின்ற் முட்டை முட்டையாப் பொங்கிக் கிடந்தது. அதுவும் நாங்க தேடின வினைதான். வருசா வருசம் யேசு பாலன் பிறக்கிற நத்தாருக்குப் பெயின்ற் அடிக்காட்டி எங்களுக்குப் பண்டிகை இல்ல. நத்தார் வாறதோ நடு மாரியில. ஈரச் சுவருக்கு மேல அடிச்சு அடிச்சு உள்ளுக்க இருக்கிற ஈரத்துக்கு வெளியில வர வழியில்லாமப் பண்ணி வச்சிருந்தம்.

மருமகனுக்குச் சின்ன வயசில முட்டு, மூச்சு இழுக்கிற வருத்தம், இருந்ததாம். வளர விட்டுப் போச்சாம். எங்கட வீட்டில வந்து அது திரும்பிப் பிடிச்சுது. விடியப்புறம் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் பின் அறையில படுத்திருக்கிற எனக்குக் கேக்கும். விசில் ஊதுற மாதிரி ஒரு சத்தம். எழும்பிப் போய்ப் பாக்கவும் ஏலாது, படுத்திருக்கவும் ஏலாது. எங்கட ஆக்களில மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் கதைக்கிறது குறைவு. எனக்கு அவரிட்ட ஏதும் சொல்லக் கிடந்தா மகளுக்குச் சொல்லுவன். அவருக்கு என்னட்ட ஏதும் சொல்லக் கிடந்தா அவரும் மகளுக்குச் சொல்லுவார். மகளோ வங்கியில வேலை. காலமை ஓடிப் போனா பொழுதுபட்டுத்தான் வருவா. நடுவில நிண்டு கதை கடத்த அவளுக்கு எங்க நேரம்?

டொக்டர் வாயில அடிக்கிற மருந்துப் பம்ப் குடுத்து, ஈரமில்லாத இடத்தில இருங்க எண்டு சொல்லி விட்டாராம். வாவிக்கரையில வீட்டை வச்சுக் கொண்டு ஈரமில்லாத இடத்துக்கு எங்க போறது? நான் சும்மா இருக்கல்ல. அலுமாரிக்குள்ள சிரட்டைக் கரி வச்சன். குண்டு பல்ப் கொளுவினன். சட்டியில நெருப்பள்ளிப் போட்டு சாம்பிராணி காட்டினன். அந்தப் புகையில மருமகன் இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து முற்றத்தில போய் மழைக்க நிண்டார். நான் சட்டியோட குசினிக்குள்ள ஒளிச்சுக் கொண்டன்.

மறுகா ஒரு பின்னேரம். நான் கிணத்தடியில சட்டி கழுவிக் கொண்டிருக்கன். மருமகன் பின் வாசலில நிண்டு தாயோட போனில கதைக்கிறார். நான் இருக்கிறது அவருக்குத் தெரியாது. "இந்த முறை ஊர்ப்பக்கம் இடமாற்றத்துக்கு எழுதிப் போடுறன் அம்மா" எண்டு சொன்னார். "இஞ்ச எனக்கு ஏலாமக் கிடக்கு."

நான் கழுவின சட்டியையே திரும்பக் கழுவிக் கொண்டிருந்தன். அவர் போனா மகளும் போவா. போகத்தானே வேணும். வீடு பூட்டிக் கிடக்கும். நாங்க புருசன் பெண்சாதி ரெண்டு பேரும் பின் அறையில இருந்து கொண்டு, முன்னுக்குச் சாத்திக் கிடக்கிற யன்னலைப் பாத்துக் கொண்டிருக்க வேணும். அண்டையில இருந்து நான் ஒரு இடத்தில குந்தினதா நினைவில்ல. சோத்தை வச்சிட்டு வாசலுக்கு வருவன், வாசலில நிண்டிட்டு அடுப்புக்குப் போவன். எங்கட மனிசன் பேப்பர் வாசிச்சுக் கொண்டிருந்து, உனக்கு என்ன காலில எறும்பா எண்டு கேட்டார். உங்களுக்கு மூக்குக்கு மேல கண்ணாடி இருந்தா காணும், வீட்டில என்ன நடக்கெண்டு தெரியத் தேவையில்ல எண்டு நல்லாக் குடுத்தன்.

ஈரம் உறிஞ்சுற மெசின் எண்டு ஒண்டு இருக்கிற சங்கதியை மகள்தான் கொண்டு வந்தா. வங்கியில ஆரோ சொன்னாங்களாம். உடனே போனில பாத்து ஒண்டை எடுப்பிச்சா. வந்தது பாருங்க, தேத்தண்ணிப் போத்தல் அளவில வெள்ளையா ஒரு சாமான். பக்கத்தில நீல லைற் வேற. ஒரு நாள் முழுக்க ஓடி அது பிடிச்ச தண்ணி ஒரு பூனைக்கும் காணாது. மகளை ஏசினன். அலுமாரிக்குள்ள வைக்கிறதுக்குத்தான் அது சரி, அறைக்குப் பெரிசு வேணும், நீ போய்ப் பார் எண்டு அவ என்னட்ட விட்டா.

நானே ரவுணுக்குப் போனன். கடையில நிண்டது ஒரு தேற்றாத்தீவுப் பொம்பிளப் பிள்ளை. நல்ல பிள்ளைதான், ஆனா கேள்விக்கு மேல கேள்வி. அறை எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம், தண்ணிய ஊத்த ஆள் இருக்கா இல்லாட்டி குழாய் பூட்டி வெளியில விடவா, படுக்கிற அறையா, சத்தம் இருந்தா பரவாயில்லையா எண்டு. பெரிய மெசின் ஒண்டைக் காட்டி, முழு வீட்டுக்கும் இதைத் தா எண்டன். "சீலிங் இருக்கா ஆன்ரி?" எண்டு கேட்டா. ஓட்டு வீடு, எங்கால சீலிங்? எனக்குச் சுள்ளெண்டு வந்தது. என்ர வீட்டைக் குறை சொல்லுறாளோ எண்டுதான் நினைச்சன். ஓட்டு இடுக்கால வாற காத்தை இந்த மெசின் மட்டுமில்ல, பத்து மெசினும் காய வைக்காது எண்டு அவ மெதுவாச் சொன்னா. நல்ல காலம், கல்யாணத்துக்கு எண்டு மகள்ர அறைக்கு மட்டும் சீலிங் அடிச்சிருந்தம். அப்ப அந்த அறைக்கு எண்டு பாப்பம் எண்டு முடிஞ்சுது.

அறைக்கு எண்டும் ரெண்டு வகை இருந்தது. ஒண்டு பாரமில்ல, சத்தமும் இல்ல, ஆனா குளிர் நாட்டுக்குத்தான் சரியாம், எங்கட வெக்கைக்கு அறையை இன்னும் சூடாக்குமாம். மற்றது குளிர்சாதனப் பெட்டி மாதிரி உள்ளுக்க குளிராக்கித் தண்ணியப் பிடிக்கிறது. பாரம், கொஞ்சம் உறுமும், ஆனா எங்கட ஊருக்கு அதுதான் எண்டா. எவ்வளவு உறுமும்? போட்டுக் காட்டு எண்டு கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில குந்தினன். காதை வச்சுக் கேட்டன். அவர் மூச்சு இழுக்கிற சத்தத்தோட இது ஒரு சத்தமா? வேற ஆக்கள் வந்து பாத்திட்டுப் போனாங்க. எனக்கு எழும்ப மனமில்ல. இதுவும் சரிவராட்டி என்ன செய்யிறது? கடைசியில அதையே எடுத்தன். பாவிக்கிற முறை என்ன எண்டு கேக்க, எல்லாம் புத்தகத்தில கிடக்கு ஆன்ரி எண்டு சொல்லி ஓட்டோவில ஏத்தி விட்டா. புத்தகம் இங்கிலிசில கிடந்தது. மகளிட்டக் குடுத்து மருமகனிட்டக் குடுக்கச் சொன்னன்.

எங்கட மனிசன் மெசினைச் சுத்திச் சுத்திப் பாத்தார். வாவிக்கரையில இருந்து கொண்டு ஈரத்தை எடுக்கப் போறியா, அப்ப வாவி வத்தி அக்கரைப் பழுகாமத்துக்கு நடந்தே போகலாம் எண்டார். நான் திரும்பியும் பாக்கல்ல.

முதல் நாளே தொட்டி நிறைஞ்சுது! மகள் கொண்டு வந்து காட்டினா. தெளிஞ்ச தண்ணி, ஒரு வாளி இருக்கும். எனக்கு வந்த சந்தோசம் சொல்லி மாளாது. பாத்தியா, இவ்வளவையும் மருமகப் பிள்ளை மூச்சோட இழுத்துக் கொண்டல்லோ கிடந்தது எண்டு சொல்லிக் கறிவேப்பிலைக்கு ஊத்தினன். அடுத்த நாளும் நிறைஞ்சுது. அதுக்கு அடுத்த நாளும். மெசின்ர நெத்தியில ஒரு நம்பர் தெரியும், அறைக்குள்ள எவ்வளவு ஈரம் எண்டு சொல்லுற நம்பர். அது அறுபதுக்குக் கீழ வர வேணுமாம், ஆனா எம்பத்தஞ்சிலயே நிக்குது எண்டு மகள் சொன்னா. நம்பரைத் தூக்கிக் குப்பையில போடு, தண்ணியப் பார் எண்டன் நான்.

ஆனா முட்டு குறையல்ல. அது போதாதெண்டு இன்னொண்டு நடந்தது. மருமகன் யன்னலைச் சாத்தத் தொடங்கினார்.

அவங்கட அறைக்குள்ள நான் போறதில்ல. ஆனா அந்த யன்னல் வெளியால திறக்கிற மரக் கதவு. மாரிக்கு மரம் ஊதி உள் கொளுக்கியும் விழாது. நான் வளவில நிண்டே இழுத்துத் திறந்திருவன். விடிய நான் திறப்பன். அவர் பள்ளிக்கூடம் போகேக்க பாத்தா சாத்திக் கிடக்கும். மோட்டார் சைக்கிள் சந்தி திரும்பின உடன போய்த் திறப்பன். மத்தியானம் அவர் வந்தாப் பிறகு பாத்தா திரும்பச் சாத்திக் கிடக்கும். பின்னேரம் கூட்டுமாறைக் கையில எடுத்துக் கொண்டு முற்றம் கூட்டுற சாட்டில போய்த் திறப்பன். மூச்சு விட ஏலாத மனிசனுக்குக் காத்து வேணும் எண்டு எனக்கு விளங்குது, படிச்ச மனிசனுக்கு விளங்கல்லையே எண்டு கோவம். கோவத்துக்கு அடியில பயம். அவர் இப்பவே வீட்டைப் பூட்டிப் பழகுறார் எண்டு என்ர மனம் சொல்லுது. ஒரு சாத்தின யன்னலைக் கண்டா எனக்கு வேற ஒண்டும் நினைக்க வராது. இதை மகளிட்டச் சொல்லவும் விருப்பமில்ல. சொன்னா, ஓம் அம்மா, போகத்தான் போறம் எண்டு சொல்லிருவாளோ எண்டு வாயை மூடிக் கொண்டிருந்தன்.

நத்தாருக்குக் கிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனைக்கு வெளிக்கிட்டுக் கொண்டிருக்கேக்க அவருக்கு ஒரேயடியா முட்டிப் போச்சு. பம்ப் அடிச்சும் கேக்கல்ல. உதடு நீலம் பாஞ்சு போச்சு. மகள் வெள்ளைச் சட்டையோட அவரைத் தாங்கிப் பிடிச்சு ஓட்டோவில ஏத்தினா. ஏறேக்க என்னைத் திரும்பிப் பாத்தா. அந்தப் பார்வையில எனக்கு எல்லாம் விளங்கிச்சு, இவ போயிருவா எண்டு. நானும் எங்கட மனிசனும் முன் விறாந்தையில குந்தி இருந்தம். செபம் பண்ண வாயைத் திறந்தா வாவியைத்தான் ஏசினன். மத்தியானத்துக்குள்ள மருந்துப் புகை பிடிச்சு, ஊசி போட்டு, ஆளை வீட்டுக்கு விட்டாங்க.

அடுத்த நாள் மகள் லீவு எடுக்க ஏலாம வேலைக்குப் போயிட்டா. மருமகன் அறையில. எனக்கு இருப்புக் கொள்ளல்ல. கஞ்சி வச்சு மூடிட்டு வளவுக்கு வந்து பாக்கன், யன்னல் சாத்திக் கிடக்கு! ஆஸ்பத்திரியால வந்த மனிசன், சாத்திப் போட்டு உள்ளுக்க கிடக்கிறார். எனக்கு எங்கிருந்து அந்தத் துணிவு வந்ததோ, போய்க் கதவைப் பிடிச்சு ஒரு இழுவை இழுத்தன். வரல்ல. உள்ளால ஆரோ பிடிச்சிருக்கிறாங்க. நான் இன்னும் இழுத்தன். உள்ளாலயும் இழுத்தது. கடைசியில பாதி திறந்தது. பாத்தா மருமகன். அவர்ர கை கதவில, என்ர கையும் கதவில. கல்யாணத்துக்குப் பிறகு அவ்வளவு கிட்டத்தில நான் அவர்ர முகத்தைப் பாத்ததில்ல. மெலிஞ்சு போயிருந்தார்.

"மாமி, இதை நீங்களா திறக்கிறீங்க?"

நான் ஓம் எண்டன். காத்துக்குத் தன்னாலதான் திறக்குதெண்டு முதல் நினைச்சாராம். பிறகு, மாமிக்கு மெசின் ஓடுறது விருப்பமில்லப் போல, சொல்ல முகமில்லாமத் திறந்து விடுறா எண்டு நினைச்சாராம். மகளிட்ட ஒருக்காச் சொல்லியும் இருக்கிறார். அம்மா அப்பிடித்தான், யன்னல் சாத்தினா அவவுக்கு ஆகாது, கேட்டாக் கோவிப்பா எண்டு அவ விட்டிட்டாளாம். நல்ல பிள்ளை பெத்து வச்சிருக்கன்! அறையைச் சாத்தி வச்சாத்தான் மெசின் வேலை செய்யும் எண்டு புத்தகத்தில முதல் பக்கத்திலயே கிடக்காம். திறந்து கிடந்தா வெளியில இருந்து வாற ஈரத்தைத்தான் அது நாள் முழுக்கப் பிடிச்சுக் கொண்டிருக்குமாம். அப்ப நான் வாளி வாளியாக் கறிவேப்பிலைக்கு ஊத்தினது வாவியை. எங்கட மனிசன் பகிடிக்குச் சொன்னது சரியாப் போச்சு.

எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம் அது. வரல்ல. அழுகைதான் வந்தது. இனி மறைச்சு என்ன?

"தம்பி, நீங்க போகப் போறீங்களா?"

அவர் எனக்கு இது எப்பிடித் தெரியும் எண்டு கேக்கல்ல. வாவிப் பக்கம் பாத்துக் கொண்டு நிண்டார். நெஞ்சுக்குள்ள இன்னும் அந்தச் சத்தம் கேட்டுக் கொண்டுதான் இருந்தது.

"இஞ்ச மூச்சு விட ஏலுமெண்டா நான் ஏன் மாமி போறன்?"

நான் கையை எடுத்தன். பிறகு என்ன நினைச்சனோ, திரும்ப வச்சு, நானே அந்தக் கதவைத் தள்ளிச் சாத்தினன். என்ர கையால பகலில யன்னல் சாத்தினது அண்டைக்குத்தான்.

பிறகு வேலை நடந்தது. சுவருக்கு மேல காத்துக்கு விட்ட ஓட்டையெல்லாத்தையும் எங்கட மனிசன் ஏணி வச்சு ஏறி மட்டை வச்சு அடைச்சார். அலுமாரியைச் சுவரில இருந்து தள்ளி வச்சம். பொங்கின பெயின்றைச் சுரண்டி எடுத்துப் போட்டு, சுவரை அப்பிடியே மூச்சு விட விட்டம். அந்த நத்தாருக்கு வந்த ஆக்கள் சொட்டைச் சுவரைப் பாத்தாங்க. பாக்கட்டும். கேக்கை நீட்டினன், திண்டிட்டுப் போனாங்க. மெசின்ர நம்பர் எழுபத்தஞ்சு, எழுபது எண்டு இறங்கத் தொடங்கினா, தொட்டியில தண்ணி வரவரக் குறையுது. முதல் எனக்குப் பகீரெண்டுது, மெசின் பழுதாப் போச்சோ எண்டு. குறைஞ்சாத்தான் நல்லம் மாமி எண்டு மருமகன் அறைக்குள்ள இருந்து சொன்னார். மகளை நடுவில வைக்காம, நேரா எனக்கு.

பழக்கம் லேசில விடுமா? விடிய எழும்பினா கால் அந்த யன்னலடிக்குத்தான் போகும். கிட்டப் போய்க் கதவில காதை வச்சுக் கேப்பன். மெசின் உறுமுறது கேக்கும். மற்றச் சத்தம் கேக்குதா எண்டு மூச்சைப் பிடிச்சுக் கொண்டு நிப்பன். ஒரு நாள் கேட்டுது, ஒரு நாள் கேக்கல்ல. பிறகு கேக்காத நாள் கூடிச்சு. எண்டாலும் மாற்றத்துக்கு எழுதுற தவணை முடியும் வரைக்கும் எனக்குச் சோறு இறங்கல்ல. கேக்கவும் பயம். தை பிறந்து மழை கொஞ்சம் வெளிச்ச ஒரு காலமை, மகள் வேலைக்கு வெளிக்கிட்டுச் செருப்பைப் போட்டுக் கொண்டு, தவணை முடிஞ்சுது, அவர் எழுதல்ல அம்மா எண்டு சொல்லிட்டுப் போயிட்டா. அவ்வளவுதான். அடுத்த வருசம் எழுதுவாரோ தெரியாது. அடுத்த வருச மாரி அடுத்த வருசம்.

அண்டைக்குத்தான் பக்கத்து வளவு அக்கா மதிலுக்கு மேலால எட்டிப் பாத்தா. அவவும் என்னோட சேர்ந்து அந்தக் காலம் பாத்தவ, அவவுக்கும் அதே கண். எங்கட முன் அறை யன்னலையே பாத்துக் கொண்டு நிண்டா. கேக்கத் தயங்கித் தயங்கி, குரலையும் இறக்கிக் கொண்டு கேட்டா.

"என்னகா தங்கச்சி, யன்னல் சாத்தியே கிடக்கு. பிள்ளையள் போயிட்டாங்களா?"

"இல்லக்கா" எண்டன். "உள்ளதான் இருக்கிறாங்க."